திரையில் ஊர்ந்த நத்தை

ஃபுளோரன்ஸ், யோவான் திருநாள் கழிந்த பிறகு

இல்லவே இல்லை. மோனா பிப்பாவுக்கு மூன்று மோவாய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மூன்று மோவாய் உள்ள பெண் யாரும் பச்சை உடுத்திக்கொண்டு வந்து குழந்தையைப் பார்க்கக் கூடாதென்று சோதிடர் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான் சொன்னேன். அதைக் கேட்டு அவள் தன் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டால் நானா பொறுப்பு? வீட்டுக்குப் போன கையோடு உனக்குக் கடிதம் எழுதுவாள் என்று தெரியும். அதைப் படித்து மூக்கு சிவந்து நீ எனக்கு எழுதுவாய் என்றும் தெரியும். 'என் கூட்டாளியின் தாயை வாசலில் நிற்க வைத்து அவமானப்படுத்திய கிழட்டுக் கோமாளி' என்று எழுதியிருக்கிறாய். கிழடு சரி. கோமாளியும் சரி. அவமானம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் அவளைக் காப்பாற்றி அனுப்பினேன் நேரி. அது அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

கோபத்தில் முறையை விட்டுவிட்டேன். வெனிஸ் நகரில் வியாபாரம் செய்யும் அருமை மகன் நேரிக்கு, உன் தகப்பன் வான்னி ஆண்டவர் பெயரைச் சொல்லி எழுதுவது. உனக்கு நல்ல உடம்பும் நல்ல காற்றும் கிடைக்கட்டும். இன்னொன்றும் விட்டுப்போனது. இந்தக் காகிதத்தைப் பிரிக்கும் முன்னால் இடுக்கியால் பிடித்து நன்றாகப் புகை காட்ட வேண்டும். இந்த வரியைப் படிக்கிறாய் என்றால் ஏற்கெனவே கையில் பிடித்துவிட்டாய் என்று அர்த்தம். இரண்டு குளிர்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போனவன் கடிதம் இப்படித்தான் இருக்கும். நல்ல வேளை, கொண்டுவருகிற ஆளிடம் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் உன் முகத்துக்கு நேரே புகை போட்டால் அடித்துவிடாதே.

இதை உன் படுக்கையறைக் கதவுக்கு வெளியே, கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. உள்ளே தியனோராவும் உன் மகளும். ஒரு பத்தி எழுதுவேன், அதை மருமகளுக்கு உரக்க வாசிப்பேன். "உங்க பிள்ளைக்கு என்னெல்லாம் எழுதுறீங்கன்னு எனக்குத் தெரியணும் மாமா. நீங்க எழுதுறதுல பாதி பொய்யா இருக்கும்," என்று சொல்லிவிட்டாள். மூன்று மோவாய் வந்த இடத்தில் உள்ளே சிரித்தாள். அதனால் அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். நேற்று வரை கதவை ஒட்டிய நீளப் பெட்டியில்தான் உட்காருவேன். இன்று சன்னலோரம் மாறிவிட்டேன். அங்கே வெயில் விழுகிறது. இந்தக் கோடையிலும் எனக்குக் கொஞ்சம் குளிர்கிறது. அதனால் தொண்டை கிழிய வாசிக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். சிவப்புத் திரை தொங்கியதா, யாராவது பார்த்தார்களா என்று கேட்டிருக்கிறாய். தொங்கியது. யாரும் பார்க்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி.

அந்த அறையை எவ்வளவு ஆசையாகச் செய்து வைத்தாய் என்று எனக்குத் தெரியும். கோயில் பீடம் மாதிரி உயரமாய் ஒரு கட்டில். ஏற வேண்டுமென்றால் சுற்றியுள்ள பெட்டிகள் மேல் மிதித்து ஏற வேண்டும். சுவரெல்லாம் படம் வரைந்த பலகை. மாதா படத்துக்குத் தனியாக ஒரு குட்டித் திரை. நான் உன் அம்மாவைக் கல்யாணம் செய்த புதிதில் எங்கள் கட்டிலுக்கு அடியில் வாத்து முட்டையிட்டது. சரி, அந்தக் கதையை மருமகள் பலமுறை கேட்டுவிட்டாள். அவள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பச்சைக் கம்பளித் திரையே கட்டிலுக்குப் போதும், பூச்சி அரித்த இடத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடலாம் என்று உனக்கு எழுதினேன். நீ விடவில்லை. உன் கூட்டாளியின் பெண்டாட்டி பிள்ளை பெற்றபோது கருஞ்சிவப்புப் பட்டு தொங்கியதாம். நமக்கும் அதுதான் வேண்டுமாம். வாடகைக்கு எடுத்தால் போதும், வருகிறவர்கள் கண்ணுக்கு வாடகை தெரியாது என்று எழுதினாய்.

அதில் தப்பில்லை. ஊரே அப்படித்தான் செய்கிறது. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் மெத்தை ஓரிடத்திலிருந்து, விளக்குத்தண்டு இன்னோர் இடத்திலிருந்து, திரை பழைய சாமான் கடையிலிருந்து வருகிறது. பார்க்க வருகிற பெண்கள் போன மாதம் தங்கள் வீட்டில் இருந்த அதே விளக்குத்தண்டைப் பார்த்து 'ஆகா, என்ன வேலைப்பாடு' என்கிறார்கள். அதனால் நானும் பழைய சாமான் விற்கும் மேயோவின் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே ஆழமான சிவப்பு எதுவோ அதைக் காட்டு என்றேன். அவன் காட்டினான். கனமான பட்டு, உள்ளே துணி வைத்துத் தைத்தது. லேசாகப் புளித்த காடி வாசனை அடித்தது. பூச்சி வராமல் இருக்கத் தெளித்தது என்றான்.

குழந்தை பிறந்து, மருத்துவச்சி போய், ஞானஸ்நானமும் முடிந்த பிறகு, பெண்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மேயோவும் அவன் ஆளும் வந்து திரையைத் தொங்கவிட்டார்கள். அறை எரிகிற மாதிரி ஆகிவிட்டது. தியனோரா அதற்கு நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைப்பேற்றுக்கென்று நீ வாங்கி அனுப்பிய, படம் வரைந்த தட்டில் கோழிச்சாறு வைத்துக் கொடுத்தேன். அதில் அம்மணமாய் ஒரு பையன் வெள்ளியாய் மூத்திரம் பெய்கிறானே, அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆண்பிள்ளைதான் பிறக்கும் என்று உனக்கு எவனோ சத்தியம் செய்திருக்கிறான். பிறந்தது கொஸ்தான்சா. உன் அம்மா பெயர், உன் அம்மா மூக்கு. தட்டில் இருக்கிற பயல் இன்னமும் வெட்கமில்லாமல் பெய்துகொண்டிருக்கிறான்.

இதையும் வாசித்துக் காட்டினேன். அடுத்தது என்ன எழுதப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். "அதை மெதுவா எழுதுங்க மாமா. அவர் பயந்துடப்போறார்," என்றாள். எப்படி மெதுவாய் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

மறுநாள் சாயங்காலம். மேற்குச் சன்னலைத் திறந்து வைத்திருந்தோம். வெயில் திரையின் மேல் நேராய் விழுந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மருமகள் கூப்பிட்டாள். "மாமா, இங்க வந்து பாருங்களேன். உங்க பேத்தியைப் பாக்க முதல் விருந்தாளி வந்தாச்சு," என்றாள். போய்ப் பார்த்தேன். துணிச்சுற்றில் பொதிந்த குழந்தை அவள் மடியில் கிடந்தது. அதன் வயிற்றின் மேல், வெள்ளைத் துணியில், புள்ளி புள்ளியாய் வெளிச்சம். வெளிச்சப் புள்ளிகளால் ஆன ஒரு நத்தை. இரண்டு கொம்பு, சுருண்ட ஓடு, ஓட்டின் நடுவில் ஒரு நட்சத்திரம். குழந்தை மூச்சு விட விட நத்தை ஊர்ந்தது.

திரையில் யாரோ ஒரு குலச் சின்னத்தைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். நூல் போய்விட்டது. ஊசித் துளை போகவில்லை. அறை வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்னாலிருந்து வெயில் அடித்தால்தான் தெரியும்.

ஓட்டில் நட்சத்திரம் வைத்த நத்தை இந்த ஊரில் ஒரு வீட்டுக்குத்தான் சின்னம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து உபர்ட்டோ. உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் உனக்குக் கல்கண்டு கொடுப்பான். அவனோடு நான் சீட்டாடினால் அவன் ஒரு சீட்டை இறக்குவதற்குள் எனக்கு முகச்சவரம் செய்யும் வேளை வந்துவிடும். உங்கள் குலத்துக்கு நத்தையைத் தேர்ந்தெடுத்தவன் உன்னைக் கனவில் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். தவக்காலத்தில் குடும்பத்தோடு மலைவீட்டுக்குப் போனான். காய்ச்சல் என்றார்கள். அவன், மகன்கள், மருமகள்கள், சமையல்காரி வரை ஒருவரும் திரும்பவில்லை. அடக்கத்துக்கு யாரும் போகவில்லை. எந்தக் காய்ச்சல் என்று யாரும் கேட்கவில்லை. கொள்ளைநோயின் பெயரைச் சொன்னால் அது வீட்டு விலாசம் கேட்டு வந்துவிடும் என்பது போல எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அந்த வீட்டுத் துணி முழுவதையும் எரிக்கச் சொல்லி நகர சபை உத்தரவு போட்டது. எரித்தார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

உபர்ட்டோ வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான் வேகமாய் வந்திருக்கிறான். வீட்டையும் முதுகில் சுமந்துகொண்டு என் பேத்தி வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டான்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் காட்டிக்கொடுத்துவிட்டது. தியனோரா என் முகத்தைப் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல நீங்க வாய்க்கு வந்ததைச் சொல்லாம நின்னு நான் பாத்ததில்ல. சொல்லுங்க மாமா. இது யார் வீட்டுத் திரை?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. குழந்தையின் மேல் இருந்த வெளிச்சத்தைக் கையால் மறைத்தாள். நத்தை அவள் புறங்கைக்கு ஏறியது. அதையும் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்ச் சன்னல் அருகே நின்று, "கழட்டுங்க," என்றாள்.

கழட்டினேன். நானும் பிடிக்கிறேன் என்று வந்தவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன், உன் கல்யாணத்தன்று கழுதை என் காலை மிதித்தபோது சொன்ன அதே வார்த்தை. திரை என்னைவிடக் கனம். தலை மேலேயே விழுந்தது. தூசி மூக்கில் ஏறித் தும்மித் தள்ளினேன். எல்லாவற்றையும் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்ததும் பின்னால் தாழ் விழும் சத்தம் கேட்டது. தெஸ்ஸாவை உள்ளே விட வேண்டாம், நீங்களும் வர வேண்டாம், இனி கதவு எப்போது திறக்கும் என்று நானே சொல்கிறேன் என்று உள்ளேயிருந்து சொன்னாள். வேலைக்காரி தெஸ்ஸா அப்போது சந்தைக்குப் போயிருந்தாள். அவள் அந்தத் திரையைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து அவளை முற்றத்தைத் தாண்டி மேலே வரவிடவில்லை.

நம் சமையலறையை மேல்மாடியில் கட்டியவனை அன்று சபித்தேன். அத்தனை படி ஏறி, கத்தரித்துக் கத்தரித்து அடுப்பில் போட்டேன். பட்டு சுலபத்தில் எரியாது நேரி. சுருண்டு, கறுத்து, தலைமயிர் கருகுகிற நாற்றம் அடிக்கும். எதிர்வீட்டுக்காரன் சன்னலைத் திறந்து என்ன அது என்று கேட்டான். பன்றித்தலை வாட்டுகிறேன், உனக்கும் ஒரு காது வேண்டுமா என்று கேட்டேன். மூடிக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் மேயோவின் கழுத்தைத் திருகலாம் என்று அவன் கடைக்குப் போனேன். கதவில் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. எதிர்ச் சாரியில் செருப்புத் தைக்கிறவன், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, தூரத்திலிருந்தே சொன்னான்.

"அங்க நிக்காதீங்க ஐயா. சாமான் தூக்குற ஆளு செத்துப்போய்ட்டான். மேயோ உள்ளதான் இருக்காரு. காலைல வரைக்கும் கதவைத் தட்டிட்டு இருந்தாரு. இப்ப சத்தமில்ல."

அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புதுப் பலகை. ஆணி கூட மினுமினுப்பாய் இருந்தது. அதே பலகை நம் வாசலுக்கு எந்த அளவு வெட்ட வேண்டியிருக்கும் என்று என் மனசு தானாகக் கணக்குப் போட்டது. நகர சபைக்குத் தெரிந்தால் வெளியே இருந்து அடைப்பார்கள். உள்ளே தாழ் போட்டவள் நினைத்தால் திறக்கலாம். வெளியே ஆணி அடித்தால் யார் திறப்பது? வெளியே இருக்கிறவர்களைக் காக்க நம் வீட்டுத் தாழே போதும், அதைக் காவல் காக்க நான் போதும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மோனா பிப்பா வந்தாள். முன்னால் இரண்டு பெண்கள் பாதாம் பலகாரம் தூக்கிக்கொண்டு, பின்னால் ஒருத்தி கோழிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, நடுவில் இவள் பச்சைப் பட்டில். உள்ளே விட்டால் நேராய்ப் போய்க் கட்டிலில் உட்காருவாள். நோய் என்று சொன்னால் அன்று மாலையே ஆணி. வேறு என்ன செய்வேன்? இந்த ஊரில் எந்தக் கிறுக்குத்தனம் செய்தாலும் ஏன் என்று யாரும் கேட்காத ஒரே ஆள் நான். இத்தனை வருஷமாய் ஊரைச் சீண்டிச் சேர்த்து வைத்த கெட்ட பெயர் அன்றுதான் உதவியது. அவளுக்கு மோவாய்க் கதை. அடுத்து வந்தவளிடம் கட்டிலில் பூனை குட்டி போட்டுவிட்டது என்றேன். அதற்கடுத்தவளிடம், உன்னைவிடக் குழந்தைக்குத்தான் மீசை குறைவு, பார்த்தால் வருத்தப்படுவாய் என்றேன். இப்போது ஒருத்தியும் வருவதில்லை. உன் மரியாதை போய்விட்டது, எனக்குத் தெரியும். திரும்ப வாங்கிவிடலாம். அது கிடைக்கிற சாமான்தான்.

நீ கேட்ட இன்னொன்று. குழந்தையை ஏன் பால்தாயிடம் அனுப்பவில்லை? பால்தாயின் புருஷன் செக்கோ சொன்ன நாளில் வந்தான். கோவேறு கழுதையில் ஒரு கூடை, அதில் வைக்கோலும் ஆட்டுத்தோலும் போட்டு மெத்தென்று செய்திருந்தான். அவனைக் கீழே நிற்க வைத்துவிட்டு நான் கதவருகில் போய்க் கெஞ்சினேன். இதை மறைக்க மாட்டேன், கெஞ்சினேன். மலைக்காற்று, நல்ல பால், இந்த அறையைவிட்டுத் தள்ளிப் போனால் போதும், பிழைத்துக்கொள்ளும், அனுப்பிவிடு என்றேன். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் முற்றத்துச் சன்னலைத் திறந்து செக்கோவிடம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பெண்டாட்டி, தவழுகிற பையன், கண் தெரியாத ஆத்தா என்றான். சன்னலைச் சாத்திவிட்டுக் கதவருகில் வந்தாள்.

"இந்தத் திரையை எரிக்காம வித்தவனும் இப்படித்தான் நெனச்சிருப்பான் மாமா. போய்ச் சேர்ற வீட்டைப் பத்தி நமக்கென்ன, நம்ம வீட்டைவிட்டுப் போனா போதும்னு."

நான் கூடத்துச் சன்னலுக்குப் போனேன். குழந்தைக்குத் தாயே பால் கொடுக்கிறாள் என்று செக்கோவிடம் சொன்னேன். பெரிய வீட்டு அம்மா தானே பால் கொடுக்கிறதா என்று கேட்டு, கழுதையைத் திருப்பிக்கொண்டு தெருக்கோடி வரை சிரித்துக்கொண்டே போனான். மலை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிப்பதற்கு அந்த வீட்டில் ஆள் இருக்கிறது.

அன்றிலிருந்து வீடு இப்படி நடக்கிறது. தெஸ்ஸா முற்றத்தில் படுக்கிறாள். கயிற்றில் கூடை கட்டித் தியனோராவுக்கொரு சன்னலும் எனக்கொரு சன்னலுமாய்ச் சாப்பாடு ஏற்றுகிறாள். தினம் விடிந்ததும் கண்ணாடி முன் நின்று, எங்காவது கட்டி வந்திருக்கிறதா என்று தன்னையும் குழந்தையையும் தியனோரா பார்த்துக்கொள்வாள். நான் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "கழுத்து?" என்று கேட்பேன். "இருக்கு மாமா. தலை அது மேலதான் இருக்கு," என்பாள். "அக்குள்?" என்றால், "ரெண்டும் இருக்கு," என்பாள். "கொஸ்தான்சா?" என்றால், "உங்களைவிட நல்லா இருக்கா, உங்களைவிடக் குறைவா நாறுறா," என்பாள். அப்புறம்தான் நான் வாய் கொப்பளிப்பேன்.

ஒரு காலை பதில் வரவில்லை. கழுத்து என்றேன். ஒன்றுமில்லை. தட்டினேன். காதைப் பலகையில் வைத்தேன். குழந்தையின் முனகல் கூட இல்லை. தெருவில் எவனோ கத்தரிக்காய் கூவிக்கொண்டு போகிறான், அவன் கூவல் முடிகிற வரை காதை எடுக்காமல் நின்றேன். கதவை உடைக்க என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு வெகுநேரம் கழித்து, "என்ன மாமா, தூங்கக் கூட விடமாட்டீங்களா," என்று ஒரு குரல். ராத்திரியெல்லாம் குழந்தை அழுது விடிகாலையில்தான் இரண்டு பேரும் கண்ணயர்ந்திருக்கிறார்கள். கதவில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அவள் மெதுவாய்ப் பாடிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவையும் இப்போது அவளுக்கு வாசித்து முடித்தேன். தரையில் உட்கார்ந்ததை நீங்கள் சொல்லவே இல்லையே என்றாள். கடிதத்தில் சேர்த்த பொய் என்றேன்.

இந்தப் பத்தியை அவளுக்கு வாசிக்கப் போவதில்லை. நேரி, எனக்கு இந்த வெயிலில் ஏன் குளிர்கிறது என்று நீ கேட்டிருப்பாய். நேற்று மாலையிலிருந்து தலை பாறையாய்க் கனக்கிறது. தண்ணீர் குடித்துக் குடித்துக் கூஜா காலி. இன்று காலை சட்டை மாற்றும்போது பார்த்தேன், இடது அக்குளில் பிஞ்சு அத்திக்காய் அளவில் ஒன்று காய்த்திருக்கிறது. இந்த வயதில் நான் இனி எதையும் காய்க்க மாட்டேன் என்று உன் அம்மா உயிரோடு இருந்தபோது சொல்வாள். பார், அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் கதவை விட்டுச் சன்னலுக்கு மாறினேன். இந்தக் காகிதத்தையும் கூடையில் வைத்துத்தான் இறக்குவேன். தெஸ்ஸா இடுக்கியால் எடுத்துக் காடியில் காட்டி, புகை போட்டு, கொடுத்தனுப்புவாள்.

இதை முடித்ததும் சந்துப் பக்கத்து ஒயின் கிடங்குக்கு இறங்கிப்போய் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளப் போகிறேன். அங்கே குடிக்கக் கிடைக்கும், என் மேல் பரிதாபப்படாதே. மலைவீட்டுக் குத்தகைக்காரனோடு திராட்சைக்காகச் சண்டை போடப் போயிருக்கிறேன் என்று தெஸ்ஸா எல்லோரிடமும் சொல்வாள். எல்லோரும் நம்புவார்கள். நீயும் அதையே சொல். எப்போது வருவார் என்று தியனோரா உனக்கு எழுதிக் கேட்டால், கிழவன் சண்டையில் ருசி கண்டுவிட்டான், வரமாட்டேன் என்கிறான் என்று எழுது. அவள் கதவைத் திறக்கும் நாளுக்கு முன்னால் அவளிடம் எதையும் சொல்லாதே. சொன்னால் திறந்துகொண்டு என்னைத் தேடி இறங்கி வந்துவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள். உனக்குத் தெரிந்ததைவிட எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நீ வராதே. கோபத்திலும் வராதே, பாசத்திலும் வராதே. அவள் தன் கையால் எழுதி வா என்று கூப்பிடும் வரை அங்கேயே இரு. சிவப்பு நல்ல நிறம்தான் நேரி. நானும் அதைப் பார்த்தவுடன் மயங்கித்தான் போனேன். அதை நினைத்து நீ உட்கார்ந்திருக்கக் கூடாது. கொஸ்தான்சா வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெறும் நாள் வரும்போது மட்டும் அந்தப் பூச்சி அரித்த பச்சைத் திரையைத் தொங்கவிடு. வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தால், எங்கப்பன் ஒரு கோமாளி, அவன் உத்தரவு என்று சொல்லிவிடு.

நான் வெகுநேரம் வாசிக்காமல் எழுதியதால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன மாமா, சத்தத்தைக் காணோம்?" என்றாள். மை காய்ந்துவிட்டது, எச்சில் தொட்டு எழுதுகிறேன் என்றேன். பிறகு குத்தகைக்காரன் விஷயத்தைச் சொன்னேன். திராட்சை பிஞ்சாய் இருக்கும்போதே அவன் திருட ஆரம்பித்துவிட்டான், போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன், காலையில் கழுத்து கேட்க ஆளில்லை என்று அழாதே, உனக்கு நீயே கேட்டுக்கொள் என்றேன். அவள் கதவுக்கு மிக அருகில் வந்து நிற்கிறாள் என்று குரலிலிருந்து தெரிந்தது.

"உடம்பைப் பாத்துக்கோங்க. சீக்கிரம் வாங்க. வரும்போது அத்திப்பழம் கொண்டாங்க மாமா."

கொண்டுவருகிறேன் என்றேன். உன் மகளை நல்லபடி வளர்க்கச் சொல்லி, அவளையும் வாழ்த்தி, கடைசியாய் ஒன்று சொல்லலாம் என்று எழுந்து நின்றேன். கூடத்து நடுவே வரை போனேன், அதற்கு மேல் போகவில்லை. தியனோரா, கேளம்மா என்று ஆரம்பித்தேன். உள்ளே கொஸ்தான்சா வீரிட்டாள். தன் பாட்டியின் தொண்டை, வீடே அதிர்ந்தது. "இருங்க மாமா, பசி வந்துடுச்சு அவளுக்கு," என்று சொல்லி மருமகள் திரும்பிப் போய்விட்டாள்.

பலகைத் தரையில் அவள் போகிற சத்தத்தைக் கேட்டேன். நல்ல நடை நேரி. வேகமான நடை. எங்கும் தடுமாறவில்லை, எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. கட்டிலுக்கு ஏறப் பெட்டி மேல் கால் வைத்தது கூடக் கேட்டது. அழுகை சட்டென்று அடங்கியது. குடிக்கிறாள்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே சன்னலோரம் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். இனி கூப்பிட மாட்டேன், அவர்கள் வேலையைக் கெடுப்பானேன். அந்தக் காலடியை ஆண்டவர் அப்படியே வைத்திருக்கட்டும். உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். இந்தக் காகிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, இது பட்டு இல்லை, சீக்கிரம் எரியும்.

உன் தகப்பன்
வான்னி